கணினித் திரை நிற அளவுத்திருத்தம்

கணினித் திரை நிற அளவுத்திருத்தம் என்பது ஒரு கணினித் திரை வெளியிடும் ஒளிர்வையும் நிறங்களையும் அளந்து, அவற்றை முன்னரே வரையறுக்கப்பட்ட ஒரு நிலைக்குக் கொண்டுவரும் செயல்முறை ஆகும். ஆங்கில வழக்கையொட்டி இது மானிட்டர் காலிபிரேசன் எனவும் அழைக்கப்படுகிறது. ஒளிப்படத் திருத்தம், அச்சு வடிவமைப்பு, திரைப்பட நிறச்சீராக்கம் ஆகிய துறைகளில் இது ஓர் அடிப்படைத் தேவையாகக் கருதப்படுகிறது. இக்கட்டுரை ஒளிப்படத் திருத்தத்துக்கான அளவுத்திருத்தத்தை விளக்குகிறது.

எண்மிய ஒளிப்படம் என்பது எண்களின் தொகுப்பே. பிக்சல் எனப்படும் ஒவ்வொரு படவணுவும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று எண்களால் குறிக்கப்படுகிறது. அவ்வெண்கள் எந்த நிறத்தைக் குறிக்கின்றன என்பது அவற்றைக் காட்டும் திரையைப் பொறுத்து மாறும். ஒரே கோப்பு இரண்டு திரைகளில் இரண்டு வகையாகத் தோன்றுவது இதனாலேயே. திரையை அளந்து திருத்தினால்தான் அவ்வெண்களுக்கு நிலையான பொருள் கிடைக்கிறது.

அளவுத்திருத்தமும் விவரக்கோப்பும்

பேச்சு வழக்கில் அளவுத்திருத்தம் என்ற ஒரே சொல்லால் குறிக்கப்பட்டாலும், இதில் இரண்டு தனித்தனிப் பணிகள் அடங்கியுள்ளன.

முதலாவது, அளவுத்திருத்தம். இது திரையின் நடத்தையை மாற்றுவது. ஒளிர்வு, வெண்புள்ளி, காமா ஆகியவற்றைத் தேர்ந்தெடுத்த இலக்குக்குக் கொண்டுவருவது இதன் பணி.

இரண்டாவது, விவரக்கோப்பு உருவாக்கம். இது திரையை மாற்றுவதில்லை. திருத்தப்பட்ட திரை எந்த எண்ணுக்கு எந்த நிறத்தைக் காட்டுகிறது என்பதை அளந்து ஒரு கோப்பில் பதிவு செய்கிறது. இக்கோப்பு நிற விவரக்கோப்பு அல்லது ஐசிசி புரொஃபைல் எனப்படும். நிற மேலாண்மை வசதியுடைய மென்பொருள்கள் இதனைப் படித்து, ஒளிப்படத்தின் எண்களை அந்தத் திரைக்கு ஏற்ற எண்களாக மாற்றி அனுப்புகின்றன.

கடிகாரத்தைக் கொண்டு இவ்வேறுபாட்டை விளக்கலாம். கடிகாரத்தைச் சரியான நேரத்துக்குத் திருப்பி வைப்பது அளவுத்திருத்தத்தை ஒத்தது. அது நாளொன்றுக்கு எத்தனை நொடி பிந்துகிறது என்று குறித்து வைத்து, நேரம் பார்க்கும்போது அதனைக் கணக்கில் கொள்வது விவரக்கோப்பை ஒத்தது. துல்லியமான பணிக்கு இரண்டும் தேவை.

தேவை

மனிதக் கண் நிறங்களை ஒப்பிடுவதில் கூர்மையானது. ஆனால் அவற்றைத் தனித்து அளப்பதில் நம்பகமற்றது. சூழ்ந்துள்ள ஒளியின் நிறத்துக்கு ஏற்பப் பார்வை தன்னைச் சரிசெய்துகொள்கிறது. இது நிறத் தகவமைப்பு எனப்படும். மஞ்சள் ஒளி தரும் இழை விளக்கின் கீழும் வெள்ளைத்தாள் வெள்ளையாகவே தோன்றுவது இதனால்தான். அதேபோல், நீலம் மிகுந்த ஒரு திரையைச் சில நிமிடங்கள் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு அதன் வெண்மை இயல்பான வெண்மையாகவே படுகிறது. தன் திரை பிழையாக உள்ளதை அதன் முன் அமர்ந்திருப்பவர் உணர்வதில்லை.

2015 பெப்ரவரியில் இணையத்தில் பரவிய ஓர் ஆடையின் ஒளிப்படம் இதற்கு அறியப்பட்ட எடுத்துக்காட்டாகும். சிலருக்கு அது நீலமும் கறுப்புமாகவும், வேறு சிலருக்கு வெள்ளையும் பொன்னிறமுமாகவும் தெரிந்தது. திரைகளின் வேறுபாடே காரணம் எனப் பலர் எண்ணினர். எனினும் ஒரே திரையை அருகருகே இருந்து பார்த்தவர்களிடையேயும் இக்கருத்து வேறுபாடு இருந்தது. உண்மையான ஆடை நீலமும் கறுப்புமே. ஆடையின் மீது எவ்வகை ஒளி விழுகிறது என்று ஒவ்வொருவர் மூளையும் வேறு வேறாக ஊகித்ததே இதற்கான விளக்கமாகக் கூறப்படுகிறது.

ஒளிப்படத் திருத்தத்தில் திரையின் பிழை நேர்மாறாகப் படத்துக்குள் சென்று சேர்கிறது என்பது முதன்மையான சிக்கலாகும்.

- திரை நீலம் மிகுந்திருந்தால், திருத்துபவர் அதனை ஈடுசெய்ய மஞ்சளைக் கூட்டுவார். அச்சில் படம் மஞ்சளாக வரும்.
- திரை மிகையான ஒளிர்வுடன் இருந்தால், படத்தை இருளாக்குவார். அச்சில் படம் மங்கி இருண்டிருக்கும்.
- திரையில் நிழற்பகுதிகள் கறுப்பாக அடைபட்டிருந்தால், அவற்றை மிகுதியாக வெளுப்பார். பிற திரைகளில் படம் சாம்பல் பூத்துத் தோன்றும்.
- திரை நிறங்களை மிகையாகக் காட்டினால், நிறச்செறிவைக் குறைப்பார். பிற இடங்களில் படம் உயிரற்றுத் தெரியும்.

இப்பிழை திருத்தியவருக்கு மட்டும் தெரியாது. மற்ற எல்லாருக்கும் தெரியும். மேலும், பல ஆண்டுகள் திருத்திச் சேமித்த படத்தொகுப்பு முழுவதிலும் அது பரவியிருக்கும். பழைய திரையை மாற்றிப் புதியது வாங்கும் நாளில்தான் பலர் இதனை அறிகின்றனர். கேமராவின் மூலக் கோப்பைப் பேணியவர்கள் மீண்டும் திருத்திக்கொள்ளலாம். திருத்திய படத்தை மூலத்தின் மீதே சேமித்தவர்களுக்கு அவ்வாய்ப்பு இல்லை.

வரலாறு

நிறத்தை எண்ணால் குறிக்கும் இன்றைய முறை 1931ஆம் ஆண்டில் தொடங்குகிறது. 1913இல் நிறுவப்பட்ட பன்னாட்டு ஒளியூட்ட ஆணையம், டேவிட் ரைட், ஜான் கில்ட் ஆகிய இருவர் 1920களின் இறுதியில் தனித்தனியே நடத்திய ஆய்வுகளின் அடிப்படையில், இயல்பான பார்வையுடைய ஒருவரின் நிறவுணர்வைக் குறிக்கும் தர நோக்கரை அவ்வாண்டில் வரையறுத்தது. நிறமானிகள் இன்றும் இவ்வரையறையையே பயன்படுத்துகின்றன. 1976இல் அதே ஆணையம் சிஐஇ லேப் என்னும் நிறவெளியை வெளியிட்டது. இரண்டு நிறங்களுக்கு இடையிலான வேறுபாட்டை ஒரே எண்ணால் கூற இது வழிசெய்தது. அவ்வெண் டெல்டா இ எனப்படும்.

நிறத்தைக் கண்ணால் ஒப்பிட்டுச் சரிசெய்யும் வழக்கம் கணினிக்கு முற்பட்டது. 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து கோடாக் நிறுவனம் ஒளிப்பட அச்சுக்கூடங்களுக்கு மேற்கோள் படங்களை அனுப்பி வந்தது. இவை ஷெர்லி அட்டைகள் என அழைக்கப்பட்டன. நெடுங்காலம் இவற்றில் வெளிர்நிறத் தோலுடைய பெண்களே இடம்பெற்றனர். அத்தோலின் நிறம் சரியாக வந்தால் அச்சு சரி என்று கொள்ளப்பட்டதால், கரிய தோலுடையோரின் முகங்கள் பல வேளைகளில் விவரமிழந்து அச்சாயின. பல நிறத்தோரையும் கொண்ட அட்டைகள் பின்னரே வந்தன. எதனை மேற்கோளாகக் கொள்கிறோம் என்பது யாருடைய படம் சரியாக வரும் என்பதைத் தீர்மானிக்கிறது என்பதற்கு இது சான்றாகும்.

1993இல் அடோபி, ஆப்பிள், கோடாக், மைக்ரோசாப்ட் உள்ளிட்ட எட்டு நிறுவனங்கள் இணைந்து ஐசிசி எனப்படும் பன்னாட்டு நிறக் கூட்டமைப்பை உருவாக்கின. கருவிக்குக் கருவி மாறாத பொதுவான விவரக்கோப்பு வடிவம் இதன்வழி கிடைத்தது. 1996இல் எச்பி, மைக்ரோசாப்ட் ஆகியவை எஸ்ஆர்ஜிபி நிறவெளியை முன்மொழிந்தன. 1999இல் அது பன்னாட்டு மின்தொழில்நுட்ப ஆணையத்தின் தரமாக வெளியானது. 1998இல் அடோபி நிறுவனம் அச்சுப்பணியைக் கருத்தில் கொண்டு அடோபி ஆர்ஜிபி நிறவெளியை அறிமுகப்படுத்தியது.

மாக்கின்டாசுக் கணினிகளில் நெடுங்காலம் 1.8 என்னும் காமா அளவே வழக்கில் இருந்தது. 2009இல் வெளிவந்த மாக் ஓஎஸ் எக்ஸ் 10.6 பதிப்பில் அது 2.2 ஆக மாற்றப்பட்டது. அதே ஆண்டில் வெளிவந்த விண்டோசு 7 இயங்குதளத்தில் கண்ணால் பார்த்துத் திரையைத் திருத்தும் வழிகாட்டி ஒன்று சேர்க்கப்பட்டது.

அளக்கப்படும் பண்புகள்

ஒளிர்வு

திரையின் முழு வெண்மை எவ்வளவு ஒளியை வெளியிடுகிறது என்பது ஒளிர்வு ஆகும். இது ஒரு சதுர மீட்டருக்கு இத்தனை கேண்டெலா என்று அளக்கப்படுகிறது. பல திரைகள் முழு ஒளிர்வில் 250 முதல் 350 கேண்டெலா வரை தருகின்றன. ஒளிப்படத் திருத்தத்துக்கு 80 முதல் 120 வரையிலான அளவே பொதுவாகப் பரிந்துரைக்கப்படுகிறது.

இதன் காரணத்தைக் கணக்கிட்டு அறியலாம். ஒரு தாளின் ஒளிர்வு, அதன் மீது விழும் ஒளியை பையால் வகுத்து, தாள் ஒளியைத் திருப்பும் விகிதத்தால் பெருக்கினால் கிடைக்கும். 500 லக்ஸ் ஒளி விழும் மேசையில், 90 விழுக்காடு ஒளியைத் திருப்பும் வெள்ளைத்தாள் ஏறத்தாழ 143 கேண்டெலா ஒளிர்வு தரும். 100 லக்ஸ் மட்டுமே உள்ள அறையில் அதே தாள் 29 கேண்டெலாதான் தரும். 300 கேண்டெலாவில் ஒளிரும் திரையில் திருத்திய படத்தை அத்தகைய அறையில் அச்சாகப் பார்த்தால், தாள் திரையைவிடப் பத்து மடங்கு மங்கலாக இருக்கும். அச்சு இருண்டு வருகிறது என்ற பரவலான குறைபாட்டுக்குப் பெரும்பாலும் இதுவே காரணம். அச்சுப்பொறியில் பிழை இருப்பது அரிது.

வெண்புள்ளி

திரையின் வெண்மை எந்தச் சாயலுடையது என்பதை வெண்புள்ளி குறிக்கிறது. இது நிற வெப்பநிலையாகக் கெல்வின் அலகில் கூறப்படும். எஸ்ஆர்ஜிபி, அடோபி ஆர்ஜிபி ஆகிய இரண்டும் டி65 என்னும் வெண்புள்ளியைக் கொண்டவை. இது ஏறத்தாழ 6500 கெல்வின் ஆகும். அச்சுத்துறை, ஏறத்தாழ 5000 கெல்வின் உடைய டி50 ஒளியின் கீழ் அச்சுகளைப் பார்க்கிறது. திரையில் பார்க்கப்படுவதற்கான படங்களுக்கு டி65 பொருந்தும். அச்சையும் திரையையும் அருகருகே வைத்து ஒப்பிடுவோர் டி50 அல்லது இரண்டுக்கும் இடைப்பட்ட அளவைத் தேர்வதுண்டு. 9300 கெல்வின் போன்ற குளிர்நிலை அமைப்புகள் கண்ணுக்குப் பளிச்செனத் தோன்றினும் திருத்தப் பணிக்கு ஏற்றவையல்ல.

காமா

உள்ளிடும் எண்ணுக்கும் வெளியாகும் ஒளிக்கும் இடையிலான தொடர்பு காமா எனப்படும். இத்தொடர்பு நேர்விகிதத்தில் அமைவதில்லை. 255இல் 128 என்பது எண்ணளவில் பாதி, ஆனால் 2.2 காமாவில் அது முழு ஒளியில் ஏறத்தாழ 22 விழுக்காட்டையே தரும். 1.8 காமாவில் அதே எண் 29 விழுக்காடு தரும். ஆகவே காமா மாறினால் கறுப்பும் வெள்ளையும் மாறாமலேயே இடைநிறங்கள் அனைத்தும் வெளுக்கும் அல்லது இருளும். முகத்தின் தோல்நிறம் பெரும்பாலும் இடைநிறங்களிலேயே அமைவதால் இப்பிழை உடனே வெளிப்படும். இன்று ஒளிப்படப் பணிக்கு 2.2 காமா அல்லது அதனை ஒட்டிய எஸ்ஆர்ஜிபி வளைகோடு பயன்படுத்தப்படுகிறது.

கரும்புள்ளி

திரை காட்டக்கூடிய மிகக் கரிய நிலை கரும்புள்ளி ஆகும். எல்சிடி எனப்படும் நீர்மப் படிகத் திரைகளில் பின்னொளி எப்போதும் சிறிது கசிவதால் முழுக் கறுப்பு கிடைப்பதில்லை. இத்திரைகள் பலவற்றில் வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ள விகிதம் ஏறத்தாழ 1000க்கு 1. ஒவ்வொரு படவணுவும் தானே ஒளிரும் ஓஎல்இடி திரைகளில் இது பன்மடங்கு மிகுதி. பளபளப்புத் தாளில் அச்சிடப்படும் படத்தில் இவ்விகிதம் சில நூறுக்கு 1 மட்டுமே. எனவே திரையில் தெரியும் நிழல் ஆழம் முழுவதும் தாளில் கிடைக்காது.

நிற வீச்சு

ஒரு திரை காட்டக்கூடிய நிறங்களின் மொத்தப் பரப்பு அதன் நிற வீச்சு ஆகும். இது திரையின் வன்பொருளால் வரையறுக்கப்படுவது. அளவுத்திருத்தத்தால் இதனை விரிவாக்க இயலாது. சாதாரணத் திரைகள் எஸ்ஆர்ஜிபி வீச்சையோ அதற்குச் சற்றுக் குறைவாகவோ காட்டுகின்றன. விரிந்த வீச்சுடைய திரைகள் அடோபி ஆர்ஜிபி அல்லது டிஸ்பிளே பி3 நிறவெளியின் பெரும்பகுதியைக் காட்டும். வீச்சுக்கு வெளியே உள்ள நிறங்கள் அதன் எல்லையிலேயே வெட்டப்படும். செறிந்த சிவப்புப் பட்டுச்சேலையின் மடிப்புகள் வேறுபாடின்றி ஒரே சிவப்புத் திட்டாகத் தோன்றுவது இதன் விளைவுகளுள் ஒன்று.

கருவிகளும் மென்பொருள்களும்

அளவிடு கருவிகள் இரு வகைப்படும்.

- நிறமானி: நிற வடிகட்டிகள் பொருத்திய உணரிகளால் ஒளியை அளப்பது. விலை குறைந்தது, இருண்ட நிறங்களையும் நன்கு அளக்கும். ஆனால் திரையின் பின்னொளி வகையை மென்பொருளில் சரியாகத் தெரிவு செய்யாவிடில் வெண்புள்ளியில் பிழை நேரும்.
- நிறமாலைமானி: ஒளியை அலைநீளவாரியாகப் பிரித்து அளப்பது. எவ்வகைத் திரைக்கும் பொருந்தும். சில வகைகள் அச்சையும் அளக்கும். விலை மிகுதி, மிக இருண்ட நிறங்களில் இதன் அளவீடு தடுமாறும்.

டேட்டாகலர் நிறுவனத்தின் ஸ்பைடர் வரிசையும், எக்ஸ்-ரைட் நிறுவனத்தின் ஐ1 டிஸ்பிளே வரிசையும் ஒளிப்படக் கலைஞரிடையே பரவலாக அறியப்பட்ட நிறமானிகள். எக்ஸ்-ரைட் நிறுவனத்தின் ஒளிப்படத்துறைக் கருவிகள் 2021 முதல் கேலிபிரைட் என்னும் பெயரில் விற்கப்படுகின்றன.

இக்கருவிகளுடன் அவற்றுக்குரிய மென்பொருளும் கிடைக்கும். கட்டற்ற மென்பொருள்களுள் கிரேம் கில் உருவாக்கிய ஆர்கில் சிஎம்எஸ் முதன்மையானது. கட்டளை வரியில் இயங்கும் அதற்கு, ஃபுளோரியன் ஹோக் உருவாக்கிய டிஸ்பிளேகால் என்னும் வரைகலை முகப்பு உண்டு. அதன் மூலத்திட்டம் பைத்தான் 2 மொழியில் நின்றுவிட்டபின், பைத்தான் 3க்கு மாற்றப்பட்ட கிளைத்திட்டம் ஒன்றைத் தன்னார்வலர்கள் பேணி வருகின்றனர்.

திருத்தம் இரண்டு இடங்களில் பதிவாகலாம். சாதாரணத் திரைகளில் அது கணினியின் வரைவியல் அட்டையில் உள்ள மாற்று அட்டவணையில் ஏற்றப்படுகிறது. ஒரு நிறத்துக்கு 256 படிகள் மட்டுமே உள்ள 8 பிட் இணைப்பில் இது படிகளை இழக்கச் செய்யும். எடுத்துக்காட்டாக, நீல ஒளியை 80 விழுக்காடாகக் குறைக்க வேண்டுமெனில், 2.2 காமாவில் நீலத்துக்கு ஏறத்தாழ 230 படிகளே எஞ்சும். வானம் போன்ற மெல்லிய நிறமாற்றங்களில் இது பட்டை பட்டையாகத் தெரியக்கூடும். ஐசோ நிறுவனத்தின் கலர்எட்ஜ் போன்ற தொழில்முறைத் திரைகளில் திருத்தம் திரையினுள்ளேயே உயர் பிட் அட்டவணையில் பதிவாகிறது. படி இழப்பு தவிர்க்கப்படுகிறது. இது வன்பொருள் அளவுத்திருத்தம் எனப்படும்.

செய்முறை

கருவியைக் கொண்டு திருத்தும் முறையின் படிகள் பின்வருமாறு:

1. திரையை இயக்கி அரைமணி நேரம் விட வேண்டும். பின்னொளி நிலைபெறும் முன் அளந்தால் அளவீடு பிறழும்.
2. திரையின் அமைப்புகளைத் தொழிற்சாலை நிலைக்கு மீட்க வேண்டும். காட்சிக்கேற்ப ஒளிர்வை மாற்றும் மாறுபாட்டு வசதி, அறை ஒளிக்கேற்பத் தானே மாறும் வசதி ஆகியவற்றை நிறுத்த வேண்டும்.
3. இரவு நேரத்தில் திரையை மஞ்சளாக்கும் நைட் லைட், நைட் ஷிஃப்ட் போன்ற இயங்குதள வசதிகளையும், சூழல் ஒளிக்கேற்ப வெண்மையை மாற்றும் ட்ரூ டோன் வசதியையும் நிறுத்த வேண்டும்.
4. திரையின் பரப்பை மென்மையான துணியால் துடைத்து, நேரடி ஒளி விழாதவாறு அமைக்க வேண்டும்.
5. மென்பொருளில் இலக்குகளைத் தெரிவு செய்ய வேண்டும். தொடக்கத்தில் 100 அல்லது 120 கேண்டெலா, டி65, காமா 2.2 ஆகியவை பொருத்தமானவை. பின்னொளி வகையையும் சரியாகக் குறிக்க வேண்டும்.
6. திரையைச் சற்றுப் பின்னோக்கிச் சாய்த்து, நிறமானி இடைவெளியின்றித் திரைமீது படியுமாறு தொங்கவிட வேண்டும்.
7. மென்பொருள் காட்டும் அளவீட்டைப் பார்த்து, திரையின் பொத்தான்களால் ஒளிர்வையும், தேவையெனில் சிவப்பு, பச்சை, நீல அளவுகளையும் இலக்குக்கு அருகில் கொண்டுவர வேண்டும். இங்கு எவ்வளவு சரிசெய்கிறோமோ அவ்வளவுக்கு வரைவியல் அட்டையின் பணி குறையும்.
8. அதன்பின் மென்பொருள் தானாகவே பல நிறத்திட்டுகளைக் காட்டி அளந்து, திருத்த வளைகோடுகளைக் கணித்து, விவரக்கோப்பை உருவாக்கி இயங்குதளத்தில் நிறுவும்.

இதன் பின்னர் திரையின் பொத்தான்களைத் தொடுதல் கூடாது. ஒளிர்வை ஒருமுறை மாற்றினாலும் அளவீடு செல்லாததாகிவிடும். பின்னொளி காலப்போக்கில் மங்குவதால், தொழில்முறைப் பணியில் மாதம் ஒருமுறையேனும் அளவுத்திருத்தம் மீண்டும் செய்யப்படுகிறது.

கருவியின்றித் திருத்துதல்

கருவி இல்லாதோர் சில எளிய சோதனைகளால் பெரும் பிழைகளையேனும் களையலாம்.

- நிழல் சோதனை: முழுக் கறுப்புப் பின்புலத்தில் 5, 10, 15, 20 ஆகிய எண்களுடைய சாம்பல் கட்டங்களை வரைய வேண்டும். இருண்ட அறையில் 10 அல்லது 15 முதலான கட்டங்கள் மங்கலாகவேனும் தெரிய வேண்டும்.
- வெண்மைச் சோதனை: முழு வெள்ளையின் மீது 250 எண்ணுடைய கட்டம் வேறுபட்டுத் தெரிய வேண்டும். தெரியாவிடில் மாறுபாட்டு அளவு மிகுதி.
- காமா சோதனை: கறுப்பும் வெள்ளையுமாக ஒரு படவணு உயரக் கோடுகள் மாறி மாறி அமைந்த கட்டத்தின் நடுவே 186 எண்ணுடைய சாம்பல் கட்டத்தை வைக்க வேண்டும். கோடுகள் முழு ஒளியில் சரிபாதியைத் தரும். 2.2 காமாவில் அதே ஒளியைத் தரும் எண் 186 ஆகும். தள்ளி நின்று பார்க்கையில் இரண்டும் ஒன்றிப் போனால் காமா சரியாக உள்ளது எனலாம். படம் பெருக்கப்படாமல், அதன் உண்மை அளவிலேயே காட்டப்பட வேண்டும்.
- ஒளிர்வுச் சோதனை: அச்சுகளை வழக்கமாகப் பார்க்கும் ஒளியில் ஒரு வெள்ளைத்தாளைத் திரைக்கு அருகே பிடித்து, திரையின் வெண்மை தாளைவிட விளக்குப் போல் ஒளிராதவாறு ஒளிர்வைக் குறைக்கலாம்.

மேற்கண்டவை ஒளிர்வையும் காமாவையும் சீர்செய்ய உதவும். வெண்புள்ளியைக் கண்ணால் நிறுவ இயலாது. முன்னர்க் கூறிய நிறத் தகவமைப்பே தடை. எனவே கருவி இல்லாதபோது திரையின் எஸ்ஆர்ஜிபி அல்லது 6500 கெல்வின் அமைப்பைத் தெரிவு செய்து, அதனை மாற்றாமல் விடுவதே பாதுகாப்பானது.

பணிச்சூழல்

திரை மட்டும் சரியாக இருந்தால் போதாது. அறையின் ஒளி மிதமாகவும் மாறாமலும் இருத்தல் வேண்டும். சன்னல் வழி வரும் பகலொளி காலையிலும் மாலையிலும் நிறம் மாறுவதால் திரைச்சீலையிட்டு மறைக்கப்படுகிறது. திரைக்கு எதிரே செந்நிறச் சுவரோ ஒளிர்நிற ஆடையோ இருந்தால் அதன் சாயல் திரையில் பட்டுத் தெறிக்கும். கணினி முகப்பின் பின்புலமும் திருத்த மென்பொருளின் பின்புலமும் சாம்பல் நிறத்தில் இருப்பது நல்லது.

அச்சுகளைப் பார்ப்பதற்கான ஒளியை ஐஎஸ்ஓ 3664 தரம் வரையறுக்கிறது. நுணுகி ஒப்பிடுவதற்கு 2000 லக்ஸ், இயல்பான பார்வைக்கு 500 லக்ஸ் என இரு நிலைகளை அது டி50 ஒளியில் வகுத்துள்ளது.

சரிபார்த்தல்

திருத்தம் முடிந்ததும் மென்பொருள் வேறு சில நிறத்திட்டுகளைக் காட்டி அளந்து, எதிர்பார்த்த நிறத்துக்கும் அளந்த நிறத்துக்கும் உள்ள வேறுபாட்டை டெல்டா இ அளவில் தரும். ஏறத்தாழ 1 என்பது கண்ணால் பிரித்தறியக்கூடிய எல்லை. சராசரி 2க்குக் கீழ் இருந்தால் ஒளிப்படப் பணிக்குப் போதுமானதாகக் கொள்ளப்படுகிறது.

எண்களால் சரிபார்த்தபின் ஓர் அறிந்த ஒளிப்படத்தைப் பார்ப்பதும் வழக்கம். அப்படத்தில் சாம்பல் படிவரிசை, நிழல் விவரங்கள், வெளிர் முதல் அடர் கருமை வரையிலான பல தோல்நிறங்கள் ஆகியவை இருத்தல் நன்று. கரிய தோலின் நிழற்பகுதியில் கன்னத்தின் வளைவும் தலைமுடியின் இழைகளும் தனித்துத் தெரிகின்றனவா என்பது கரும்புள்ளியையும் காமாவையும் ஒருங்கே சோதிப்பதாகும். அதே படத்தை அச்சிட்டு ஒப்பிட்டால் ஐயம் நீங்கும்.

பரவலான தவறுகள்

- திரையின் விவரக்கோப்பைப் படத்தின் நிறவெளியாகத் தெரிவு செய்தல். படத்துக்கு எஸ்ஆர்ஜிபி போன்ற பொது நிறவெளியே உரியது. திரையின் விவரக்கோப்பு அந்தத் திரைக்கு மட்டும் உரியது.
- ஒரு திரைக்காக உருவாக்கிய கோப்பை அதே வகையின் மற்றொரு திரைக்குப் பயன்படுத்துதல். ஒரே வகைத் திரைகளும் ஒன்றுபோல் இருப்பதில்லை.
- அடோபி ஆர்ஜிபி படத்தை அப்படியே இணையத்தில் வெளியிடுதல். நிற மேலாண்மை இல்லாத மென்பொருளில் அது மங்கித் தோன்றும்.
- விரிந்த வீச்சுத் திரையில் நிற மேலாண்மை இல்லாத மென்பொருளால் எஸ்ஆர்ஜிபி படத்தைப் பார்த்து, நிறங்கள் மிகை என முடிவு செய்தல்.
- புதிய திருத்தத்துக்குப் பின் திரை மஞ்சளாகவும் மங்கலாகவும் தோன்றுவதால் பழைய நிலைக்குத் திரும்புதல். நீலம் மிகுந்த திரைக்குப் பழகிய கண் சில நாட்களில் புதிய நிலைக்குப் பழகிவிடும்.

வரம்புகள்

அளவுத்திருத்தம் ஒரு திரையை உயர்தரத் திரையாக மாற்றாது. பார்க்கும் கோணத்துக்கேற்ப நிறம் மாறும் டிஎன் வகைத் திரையில், நடுவில் அளந்த அளவீடு ஓரத்துக்குப் பொருந்தாது. பின்னொளி சீராகப் பரவாத திரையிலும் இதே நிலைதான். ஒரே அளவீட்டைத் தரும் இரண்டு வேறு தொழில்நுட்பத் திரைகள் கண்ணுக்குச் சற்று வேறுபட்டுத் தெரியவும் கூடும். 1931ஆம் ஆண்டின் தர நோக்கர் ஒரு சராசரி மனிதரையே குறிக்கிறார், தனிமனிதர் கண்கள் அதிலிருந்து சிறிது விலகுகின்றன.

படத்தை இறுதியில் பார்ப்போரின் திரைகளையும் திருத்துபவரால் கட்டுப்படுத்த இயலாது. அவற்றுட் சில நீலமாகவும், சில மஞ்சளாகவும், சில மிகை ஒளிர்வுடனும் இருக்கும். இருப்பினும் திருத்துபவரின் திரை தரநிலையில் இருந்தால், படம் அவ்வத்திரையின் ஒரு பிழையை மட்டுமே சுமக்கும். அவ்வாறில்லையெனில் இரண்டு பிழைகளையும் சேர்த்துச் சுமக்கும். அச்சுக்கூடத்துக்கு அனுப்பும் கோப்புக்கும் இது பொருந்தும். அச்சில் நிறம் பிறழ்ந்தால், பிழை கோப்பிலா அச்சிலா என்பதை அளவுத்திருத்தம் செய்த திரை உடையவரே உறுதியாகக் கூற முடியும்.

இவற்றையும் பார்க்கவும்

- நிறவெளி
- நிற வெப்பநிலை
- எண்மிய ஒளிப்படவியல்
- நீர்மப் படிகத் திரை
- நிற மேலாண்மை
- அச்சுக்கலை